வைகைக் கரையோரம் ஒரு சைக்கிள் பயணம்



"சிவில்காரன் பாலத்தைப் பத்தி எழுதுவான், அணையைப் பத்தி எழுதுவான். நீ என்னடா சைக்கிளைப் பத்தி எழுதப் போறேங்கறே?" என்று மலர்க் குழு நண்பர் ஒருவர் கேட்டார். சைக்கிளைப் பற்றி இல்லையப்பா, சைக்கிள் போகிற கரையைப் பற்றி என்றேன். "கரையில என்ன இருக்கு எழுத?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. பதில் கொஞ்சம் நீளம். ஹாஸ்டலில் கரண்ட் இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் உத்தரகோசமங்கை. ஊர்ப் பெயரைச் சொன்னதுமே "மரகத நடராஜர் ஊரா?" என்பார்கள். ஆமாம், அதே ஊர்தான். ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கும் நடராஜர், மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்புக் களைந்து காட்சி தருவார். மண் முந்தியா மங்கை முந்தியா என்று கேட்கும் அளவுக்குப் பழைய ஊர் என்று எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் சின்ன வயதில் எனக்குக் கோயிலைவிடக் கண்மாய்க் கரைதான் பழக்கம். காரணம் எங்க ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர். அவர் ஊருக்கு நீர்பாய்ச்சி. ஐப்பசி பிறந்துவிட்டால் ராத்திரி ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை, தோளில் மண்வெட்டியும் கையில் அரிக்கேன் விளக்குமாகக் கரையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து வருவார். "எதுக்கு ஐயா தினமும் நடக்குறீக?" என்று கேட்டால், "கரை நம்மகிட்ட எதுனாச்சும் சொல்லும்ப்பா" என்பார். அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

போன வருடம் ட்ரெயினிங்குக்காக மதுரையில் சில வாரம் தங்கியிருந்தேன். சாயங்காலம் அறையில் உட்கார்ந்தால் கொசு, வெளியே போனால் செலவு. ஆகவே வைகையின் தென்கரையில் நடக்க ஆரம்பித்தேன். 2016-இல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் மதுரை இடம் பெற்றபின் ஆற்றின் இரு கரையிலும் சுவர் கட்டி, சாலை போட்டு, சில இடங்களில் நடைபாதையும் அமைத்திருக்கிறார்கள். ஆரப்பாளையம் பக்கம் தொடங்கி, ஏ.வி. பாலம், ஓபுளா படித்துறை, குருவிக்காரன் சாலை என்று கிழக்கே விரகனூரை நோக்கிப் போகலாம். இடையிடையே பாதை விட்டுப்போகும், ஊருக்குள் ஏறி இறங்க வேண்டும். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது. நம் பக்கத்தில் ஆற்றை ஒட்டி இவ்வளவு தூரம் கால் அழுக்காகாமல் நடக்கும்படி வேறு இடம் நான் பார்த்ததில்லை. காலையில் ஷூ போட்டு நடக்கிறவர்கள், சுவரில் துணி காயப்போடுகிறவர்கள், டியூஷன் முடிந்து சைக்கிளில் திரும்புகிற பிள்ளைகள், ஆகாயத்தாமரைக்கு நடுவில் கழுத்து மட்டும் தெரிய நிற்கும் எருமைகள் என்று ஒரு மைல் நடந்தால் ஒரு சினிமா பார்த்த மாதிரி. சாக்கடை கலக்கும் இடங்களில் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது தனி.

ஒரு நாள் சுவரில் சாய்ந்து நின்ற ஒரு பெரியவரிடம், "ரோடு நல்லா இருக்குல்ல ஐயா?" என்று பேச்சுக் கொடுத்தேன். "ரோடு நல்லா இருக்கு தம்பி. ஆத்தைத்தான் எட்டிப் பாக்க வேண்டியிருக்கு" என்றார். அவர் குறை சொன்னாரா, வேடிக்கை பேசினாரா என்று தெரியவில்லை. ஆனால் அந்த வார்த்தை மனதில் ஒட்டிக்கொண்டது. மதுரையில் இப்படி இருக்கும் இதே கரை, ஆறு எங்கள் மாவட்டத்துக்குள் வரும்போது எப்படி இருக்கிறது? பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கரைப்பாதை என்பது உலாவுவதற்காக உண்டானது அல்ல. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் பாசாவ் என்ற ஊரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டானூப் ஆற்றை ஒட்டி 300 கி.மீ.க்கு மேல் சைக்கிள் பாதை இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து போய் ஓட்டுகிறார்கள். அந்தப் பாதையின் பெரும்பகுதி, அந்தக் காலத்தில் குதிரைகளைக் கட்டிப் படகுகளை எதிர்நீச்சலாக இழுத்துச் சென்ற வழி. லண்டன் வழியாக ஓடும் தேம்ஸ் நதிக்கு 1996-இல் 294 கி.மீ. நடைபாதையை அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள். அதுவும் பாதிக்குமேல் பழைய படகு இழுக்கும் பாதைதான். வேலை போனபின் பாதை மிஞ்சியது, அதில் ஜனங்கள் காற்று வாங்குகிறார்கள்.

நம் ஆறுகளில் குதிரை படகை இழுக்கவில்லை. நம் கரைகளில் நடந்தது வேறு வேலை. அது காவல். தண்ணீர் வரும் காலத்தில் கரையைக் காப்பதற்காக மனிதன் நடந்த தடம்தான் நம் கரைப்பாதை. கரை உடைந்துவிட்டால் அந்த வருடச் சாப்பாடு போயிற்று. அதனால்தான் ஊர்கூடி மராமத்துப் பார்க்கும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயரே வைத்திருந்தார்கள். அதற்காக வெள்ளைக்காரன் 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். நம் காலத்தில் 2017-இல் அதே பெயரில் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர் திரும்பி வந்தது, கண்மாய்களிலும் வேலை நடந்தது. ராத்திரியில் விளக்கோடு நடக்கும் ஆள் மட்டும் எங்கள் ஊரில் திரும்பி வரவில்லை.

இனிப் பயணத்துக்கு வருவோம். வைகை 258 கி.மீ. நீளமுள்ள ஆறு. வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களைத் தாண்டிக் கடைசியாக எங்களிடம் வருகிறது. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இதில் வந்து சேர்கிறது. 1959-இல் ஆண்டிபட்டி அருகே வைகை அணை வந்தது. அதற்குக் கீழே பேரணை, விரகனூர் மதகணை, பார்த்திபனூர் மதகணை. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் பிரிந்து, மிச்சம் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழுகிறது. கடலில் அல்ல, கண்மாயில்! எந்த ஆறு கண்மாயில் முடிகிறது? விஷத்தைக் கக்கிச் சிவனுக்குக் கொடுத்த கடல் என்பதால் வைகை அதில் சேர மாட்டேன் என்று கோபித்துக்கொண்டதாக ஒரு பழைய கதை சொல்வார்கள். கதை அழகுதான். ஆனால் உண்மைக் காரணம் இன்னும் அழகு. எங்கள் மாவட்டம் தட்டையான நிலம், ஆண்டுக்குச் சராசரியாக 827 மி.மீ. மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அந்த இரண்டு மாதத் தண்ணீரை விட்டுவிட்டால் பத்து மாதம் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே முன்னோர்கள் ஆற்றையே வழிமறித்துக் கண்மாய் கண்மாயாகத் தேக்கி, கடைசிச் சொட்டுவரை பிடித்துக்கொண்டார்கள். வெள்ளம் மிஞ்சிப்போனால் மட்டும் கிழக்கே கடலுக்குப் போகும். அது கடலைத் தொடும் இடத்தில் உள்ள ஊரின் பெயரே ஆற்றங்கரை!

இன்னொரு சங்கதி. அணையிலிருந்து எங்களுடைய பழைய பாசனத்துக்குத் தண்ணீர் விடும்போது, முதலில் கடைசிப் பகுதியான ராமநாதபுரத்துக்குத்தான் விடுகிறார்கள். பிறகு சிவகங்கை, பிறகு மதுரை. வால் முதலில், தலை கடைசியில். பந்தியில் கடைசி இலைக்கு முதலில் பரிமாறுகிற மாதிரி! மேலே உள்ளவன் முதலில் எடுத்துக்கொண்டால் கீழே உள்ளவனுக்கு ஒன்றும் வந்து சேராது என்ற அனுபவம் அந்த முறையில் இருக்கிறது.

போன கார்த்திகையில் நானும் மெக்கானிக்கல் படிக்கும் நண்பன் ஒருவனும் பார்த்திபனூரில் இறங்கினோம். சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். காலிப் பெட்டிகளை ஏற்றித் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டியானை வண்டிக்காரர் இரண்டு டீக்கு ஏற்றிக்கொண்டார். மதகணை மேல் நின்று பார்த்தால் ஆறு மூன்றாகப் பிரிவது தெரியும். இடது பிரதான கால்வாய், வலது பிரதான கால்வாய், நடுவில் ஆறு. பாடப் புத்தகத்தில் ரெகுலேட்டர் படம் வரைந்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஷட்டருக்குக் கீழே தண்ணீர் வழுவழுவென்று சறுக்கி இறங்கி, சட்டென்று நுரைத்து எழும்பும் இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுதான் ஹைட்ராலிக் ஜம்ப்! நண்பன் பத்து நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டான். "இதை எங்களுக்கும் பாடமா வச்சிருக்காங்கடா, ஒருத்தரும் இப்படின்னு சொல்லலையே" என்றான்.

அங்கிருந்து பரமக்குடி வரை கரையை ஒட்டிச் சில இடம் தார், சில இடம் கிராவல், சில இடம் வெறும் மாட்டுத் தடம். பாதை இல்லாத இடத்தில் ஊர்ச் சாலைக்கு இறங்கி, அடுத்த திருப்பத்தில் மறுபடி கரையைப் பிடித்தோம். மதுரைக் கரைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உடனே தெரிந்தது. அங்கே ஆறும் பாதையும் அண்டைவீட்டார் மாதிரி, நடுவில் சுவர். இங்கே ஒரே குடும்பம். பாதையிலிருந்து சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாலு எட்டு வைத்தால் மணலில் நிற்கலாம். பரமக்குடியில் சித்திரைத் திருவிழாவுக்கு இங்கேயும் அழகர் ஆற்றில் இறங்குவார் என்பது மதுரைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. எதிர்க்கரையில் எமனேஸ்வரம், நெசவாளர் ஊர். கரையோரத் தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே சைக்கிள் மிதித்தோம்.

கரையில் போகிறவனுக்குக் கிடைக்கும் லாபம் என்ன என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் சொல்கிறேன். கீழடி எப்படிக் கிடைத்தது? இந்தியத் தொல்லியல் துறையினர் 2013-14-இல் வைகையின் இரு கரைகளையும் ஊர் ஊராக ஆய்வு செய்தார்கள். பழைய வாழ்விடத் தடயம் உள்ள 293 இடங்கள் அவர்கள் கணக்கில் வந்தன. அவற்றில் ஒன்று கீழடி. அடுத்த ஆண்டே அங்கே குழி போட்டார்கள். 2023-இல் அங்கே அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. ஆறு கடலைத் தொடும் பக்கத்தில் உள்ள அழகன்குளமோ பழைய துறைமுகம். மாநிலத் தொல்லியல் துறை 1986-87 தொடங்கி அங்கே பலமுறை தோண்டியதில் ரோமானியக் காசுகள் வரை கிடைத்திருக்கின்றன. நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு சிவப்பு ஓட்டுச் சில்லு எடுத்து வைத்தேன், அது யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓடோ, கடவுளுக்கே வெளிச்சம்.

பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் 35 கி.மீ.க்கு மேல். அந்த வழியில்தான் எங்கள் முதல் எதிரியைச் சந்தித்தோம். சீமைக் கருவேல முள்! ஒரே நாளில் ஏழு பஞ்சர். ஏழு. மெக்கானிக்கல் படித்தது அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது என்று நண்பன் பெருமைப்பட்டான். முள்ளைப் பிடுங்கியதும் டியூபை மாற்றிவிடாதீர்கள். டயரின் உட்பக்கம் முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள், ஒடிந்த நுனி உள்ளேயே இருக்கும். அதை எடுக்காமல் டியூபை ஒட்டினால் நூறு அடியில் மறுபடி இறங்கிவிடும். இந்தப் பாடத்தை நாங்கள் மூன்றாவது பஞ்சரில் கற்றோம்.

பெரிய கண்மாய்க் கரையில் ஏறியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் நெல். நடுவில் நாங்கள். இந்தக் கரையை எப்படிப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். தெரிந்து பார்த்தால் ஒவ்வொரு கண்மாய்க் கரையும் ஒரு லேப்.

முதலில் வரிசையாக நிற்கும் பனைகளைப் பாருங்கள். அழகுக்காக நட்டதல்ல. பனைக்கு ஆழமாகத் துளைத்துப் போகும் ஒற்றைப் பெரிய வேர் கிடையாது. கயிறு கயிறாக நூற்றுக்கணக்கான வேர்கள் மண்ணைப் பின்னிப் பிடிக்கும். அடுத்து மடை. பழைய மடை என்றால் தண்ணீருக்குள் கொஞ்ச தூரத்தில் இரண்டு கல்தூண் நிற்கும், குறுக்கே கல் போட்டிருக்கும். அதன் அடியில் துளை, துளையை மூட ஒரு கட்டை. நீர்பாய்ச்சி நீந்திப்போய், முங்கி, கட்டையைத் தூக்கிவிட்டு வருவார். எங்க ஐயா கார்த்திகைக் குளிரில் அந்த வேலையைச் செய்திருக்கிறார், வந்து ஒரு சுருட்டுப் பற்றவைப்பார், அவ்வளவுதான். மூன்றாவது கலுங்கு. கண்மாய் நிரம்பினால் கரையை உடைக்காமல் தண்ணீர் தானே வழிந்துபோகும் வாசல். கலுங்கின் மேல்மட்டத்துக்கும் கரையின் மேல்மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் நாம் பரீட்சையில் எழுதும் ஃப்ரீ போர்டு. சர்வே கேம்ப்பில் லெவல் எடுத்துக் கஷ்டப்பட்டோமே, அதை ஒரு கலுங்கின் மேல் நின்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

எங்கள் மாவட்டத்தில் ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்பார்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே மூச்சில் நாரைகூடப் பறந்துவிட முடியாதாம், அவ்வளவு நீளக் கரை. ராமநாதபுரத்துக்குப் பக்கத்திலேயே உள்ள சக்கரக்கோட்டைக் கண்மாய் பறவைகள் சரணாலயம். 2025 பிப்ரவரியில் அதற்கும் தேர்த்தங்கல் கண்மாய்க்கும் சர்வதேச ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. நாரைக்கே உலக அங்கீகாரம் வந்துவிட்டது, நடக்கிற மனிதனுக்குத்தான் பாதை இல்லை.

ராத்திரி ராமநாதபுரத்தில் ஒரு உறவினர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் எங்கள் ஊருக்குக் கிளம்பினோம். 18 கி.மீ.தான். மத்தியானம் அப்பத்தா கையால் சாப்பாடு என்பது திட்டம். ஊர் எல்லையில் நண்பன், "இவ்வளவு கரை பாத்தாச்சு, உங்க ஊர்க் கரையையும் பாத்துட்டே போயிருவோம்" என்றான். எங்கள் கண்மாய் மழைக் கண்மாய், ஆறு இல்லை. ஆனாலும் கரை கரைதானே. ஏறினோம். ஏறினோம் என்ன, முட்டிக்கு முட்டி முள் கிழித்தது. ஐயா நடந்த தடம் முழுக்கக் கருவேலம் மூடிக் கிடந்தது. சைக்கிளைக் கீழே வெளிவாய்ப் பக்கம் இறக்கி, கரை அடியோடு உருட்டிக்கொண்டு போனோம். அப்போதுதான் நண்பன் கால் புதைந்தது.

கரையின் அடியில், வயல் பக்கம், ஒரு சின்ன எறும்புப் புற்று மாதிரி மண் குவிந்திருந்தது. அதன் நடுவில் துளை. துளையிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

ஐயா சொன்னது அப்படியே காதில் கேட்டது: "தெளிஞ்ச தண்ணி வந்தா கண்மாய் வேர்க்குதுன்னு அர்த்தம். கலங்கி வந்தா கரையைக் கொண்டுக்கிட்டு வருதுன்னு அர்த்தம்."

இதைத்தான் நாம் சாயில் மெக்கானிக்ஸில் பைப்பிங் என்று படிக்கிறோம். மண்ணுக்குள் தண்ணீர் ஊறுவது தவறில்லை, எல்லா மண்கரையும் ஊறும். ஊறும் வேகம் மண் துகளைத் தூக்கும் அளவுக்குப் போனால்தான் ஆபத்து. கிரிட்டிக்கல் ஹைட்ராலிக் கிரேடியன்ட் சூத்திரம் நினைவிருக்கிறதா? துகளின் ஒப்படர்த்தியில் ஒன்றைக் கழித்து, வெற்றிட விகிதத்தோடு ஒன்றைக் கூட்டியதால் வகுக்க வேண்டும். ஒப்படர்த்தி 2.67, வெற்றிட விகிதம் 0.67 என்றால் 1.67-ஐ 1.67-ஆல் வகுக்க, விடை 1. இப்போது கணக்கைப் பாருங்கள். உள்ளே தண்ணீர் 3 மீட்டர் நிற்கிறது, கரையின் அடி அகலம் 15 மீட்டர் என்றால் கிரேடியன்ட் மூன்றைப் பதினைந்தால் வகுத்தது, 0.2. பயமே இல்லை. ஆனால் நடுவில் எலி வளையோ, நண்டு வளையோ, வெட்டிப்போட்ட கருவேலத்தின் மக்கிய வேரோ 12 மீட்டருக்கு வழிவிட்டால், மண்ணுக்குள் மிச்சத் தூரம் 3 மீட்டர்தான். மூன்றை மூன்றால் வகுத்தால் 1. அவ்வளவுதான், மண் நகரத் தொடங்கும். துகள் போகப்போகத் துளை நீளும், துளை நீள நீள வேகம் கூடும். இந்தச் சூத்திரத்தை நான் மனப்பாடம் பண்ணி எழுதியவன். அன்றைக்கு அந்தத் துளை முன்னால் நின்றபோதுதான் அது என்ன சொல்கிறது என்று வயிற்றில் தெரிந்தது.

நண்பன் அங்கேயே நின்றான், நான் ஊருக்குள் ஓடினேன். பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். இளவட்டங்கள் சிமெண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "ஓட்டையை அடைச்சிருவோம்" என்றார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். யார் கேட்பது? டிப்ளமோவே இன்னும் முடிக்காத பயல்! நல்லவேளை, ஐயாவோடு கரை நடந்த ஒரு தாத்தா வந்து சேர்ந்தார். "வெளிய வாயை அடைச்சா அது வேற பக்கம் வாய் திறக்கும்டா. மண்ணை மட்டும் நிப்பாட்டு, தண்ணியை விட்டுரு" என்றார். அதேதான் புத்தகத்தில் இன்வெர்ட்டட் ஃபில்டர்! துளையைச் சுற்றி மணல் மூட்டையால் வட்டம் கட்டி, உள்ளே முதலில் ஆற்று மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் வரலாம், மண் வர முடியாது. உட்பக்கம் தண்ணீரில் லேசாகச் சுழி தெரிந்த இடத்தில் வைக்கோல் பிரியும் களிமண்ணும் திணித்து, மேலே தார்ப்பாய் போட்டு மூட்டையால் அழுத்தினோம். விளக்கு வைக்கும் நேரம்வரை தண்ணீர் கலங்கித்தான் வந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ராத்திரி பத்து மணி வாக்கில் தாத்தா டார்ச் அடித்து உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். தெளிந்திருந்தது. நுனி நாக்கில் வைத்தும் பார்த்தார், அது ஏன் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

மறுநாள் அதிகாரிகள் வந்து பார்த்து மேற்கொண்டு ஆகவேண்டியதைச் செய்தார்கள். அந்த வருட நெல் தப்பித்தது. எங்க அப்பா, "சைக்கிள் வாங்கிக் கொடுத்தது வீண்போகலை" என்றார். அவர் வாயிலிருந்து நான் வாங்கிய பெரிய சர்டிபிகேட் அதுதான்.

அதற்கப்புறம் எனக்குள் ஒரே யோசனை. மதுரை மாதிரி எல்லாக் கரையிலும் பாதை போட்டுவிட்டால் என்ன? ஆள் நடமாட்டம் இருந்தால் முள் வளராது, கசிவு கண்ணில் படும். ஹாஸ்டலில் இதைப் பேசிப் பேசி நண்பர்களுக்கு என்னைக் கண்டாலே பயம். என் கருத்து இது: பாதை வேண்டும், ஆனால் தாரும் கான்கிரீட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் களிமண், கரிசல். மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் போட்ட தார் இரண்டாம் கோடையில் பிளக்கும். அதைவிட மோசம், மேலே கெட்டியான மூடி இருந்தால் கீழே கரை உட்கார்ந்து பொந்து விழுந்தாலும் வெளியே தெரியாது. சாலை நன்றாக இருந்தால் லாரியும் ஏறும். கரை லாரிக்காகக் கட்டியதல்ல. மூன்று மீட்டர் அகலத்தில் நன்றாகத் தட்டிக் கெட்டித்த கிராவல் போதும். மழைத் தண்ணீர் கண்மாய்ப் பக்கமே வடியும்படி மேற்பரப்பைக் கொஞ்சம் உட்பக்கம் சரித்துவிட வேண்டும். வெளிச் சரிவில் வடிந்தால் கரை அரித்துவிடும். பனை இருக்கட்டும், கருவேலம் போகட்டும், ஆனால் வேரைத் தோண்டிய குழியை இடித்து மூடாமல் போகக்கூடாது. நகரத்துக்கு நடுவில் ஓடும் ஆற்றுக்குச் சுவரும் நடைபாதையும் தேவைப்படலாம். அகமதாபாத்தில் சபர்மதிக் கரையில் 2012 முதல் இரு பக்கமும் நீண்ட நடைபாதை இருக்கிறது, ஜனங்கள் திரளாகப் போகிறார்கள். அதற்காகக் கரையில் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேறு இடம் போக வேண்டியிருந்தது என்பதும் அந்தக் கணக்கில் சேரும். மதுரைப் பெரியவர் சொன்ன மாதிரி, ஆற்றை எட்டிப் பார்க்கும்படி ஆகிவிடாமல் அங்கங்கே படித்துறையாவது விட்டால் நல்லது.

நீங்களும் போக விரும்பினால் சில வார்த்தைகள். கார்த்திகை, மார்கழிதான் காலம். பங்குனிக்கு மேல் போனால் வைகையில் மணலும் உங்கள் வியர்வையும்தான் இருக்கும். மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம், பழைய ரோட்ஸ்டர் சைக்கிளே ராஜா. டியூப் இரண்டு, பஞ்சர் சாமான், கைப் பம்பு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். செல்போன் மேப்பை முழுசாக நம்பாதீர்கள், அது கரையைக் காட்டும், கரையில் உள்ள முள்ளைக் காட்டாது. ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். மடைக்குப் பக்கத்தில் நீந்த இறங்கவே கூடாது, உள்ளிழுப்பு மேலே தெரியாது. பாம்பு உண்டு, ஆனால் அது நம்மைவிட அவசரத்தில் இருக்கும். ஒரு சின்ன நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்க் கரையில் எந்த மடைக்குப் பக்கத்தில் ஈரம், தண்ணீர் தெளிவா கலங்கலா என்று குறித்து, அந்த ஊர் டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தாலே போதும், மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் ஊர்க் கரையில் இப்போது இளவட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் கொஞ்சம் கொஞ்சமாக முள் வெட்டுகிறார்கள். போன மாதம் வரை மூன்றாவது மடைவரை சைக்கிள் போகிறது. அந்தத் துளை இருந்த இடம் நாலாவது மடைக்கு அந்தப் பக்கம். வருவதானால் ஒரு அரிவாளும் கொண்டு வாருங்கள். திருவாதிரை அன்றைக்கு மட்டும் வேண்டாம், அன்றைக்கு ஊரில் சைக்கிள் நிறுத்தக்கூட இடம் இருக்காது.